ஆளுயர எலும்புக்கூடு மாடல் ரிவியூ: எலும்பு பாஸ், மூட்டு ஃபெயில்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்த ரிவியூ இது. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், திண்டுக்கல் பக்கம் சின்னதா ஒரு கிளினிக், ரெண்டு கட்டில், வலிக்கு கரண்ட் வைக்கற ஒரு ஐஎஃப்டி மெஷின், மெழுகு உருக்கி ஒத்தடம் குடுக்கற ஒரு வேக்ஸ் பாத், சுவத்துல ஒரு பழைய சார்ட், அவ்ளோதான் சொத்து. போன வருஷம் ஆடி ஆஃபர்ல ஆளுயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன், 170 செ.மீ. உயரம், பிவிசி, ஸ்டாண்டோட 7,900 ரூபாய். எங்கம்மா கேட்ட மொத கேள்வி, "ஆடி மாசத்துல எவனாவது எலும்புக்கூட்ட காசு குடுத்து வாங்குவானா?"

கம்பெனி பேர் போடல. ஒரே அச்சுல வார்த்த மாதிரி பத்து பேர்ல வருது, போட்டோ கூட ஒண்ணுதான், அதனால பேர் போட்டாலும் உங்களுக்கு பிரயோஜனம் இல்ல.

எதுக்கு வாங்கினேன்னு சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் இவ்ளோ திட்டறேன்னு புரியும். என்கிட்ட வர்ற ஆளுங்கள்ல பாதி பேர் "தம்பி, முட்டில கிரீஸ் காஞ்சு போச்சாம்"னு வருவாங்க, மீதி பேர் "ஜவ்வு விலகிருச்சாம்"னு வருவாங்க. இந்த ஜவ்வுங்கற வார்த்தை இருக்கே, நம்மூர்ல அது நாலு வேற வேற சாமானுக்கு ஒரே பேர். முதுகுல இருக்கற டிஸ்க்கும் ஜவ்வு, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிச்சிருக்கற லிகமெண்டும் ஜவ்வு, எலும்பு நுனில பூசின மாதிரி இருக்கற குருத்தெலும்பும் ஜவ்வு. எந்த ஜவ்வு கெட்டிருக்குன்னு தெரியாமலே மனுஷன் பயந்து போய் நடக்கறதையே நிறுத்திடறான். சரி, கண்ணுக்கு முன்னாடி காட்டி விளக்கலாம்னு தான் இந்த ஐடியா.

டெலிவரி பத்தி: பெட்டி வந்தப்ப ஒரு மூலை நசுங்கித்தான் இருந்துச்சு, ஆனா உள்ள தெர்மாகோல் நல்லா வச்சிருந்தாங்க. மண்டை தனி, கை கால் தனி, நெஞ்சுக்கூடும் முதுகெலும்பும் இடுப்பும் சேர்ந்து ஒரே பீஸ். ஒரு ஆலன் கீ, ஒரு பாக்கெட் ஸ்க்ரூ, ஒரு பக்க மேனுவல். மாட்டறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அதுல அரை மணி நேரம் ஸ்டிக்கர் பார்த்து குழம்பினதுக்கே போயிருச்சு, ஏன்னா வலது காலுல இடதுன்னும் இடது காலுல வலதுன்னும் ஒட்டி அனுப்பிருக்கான். நமக்கு பரவால்ல, முட்டிக்கு கீழ இருக்கற ரெண்டு எலும்புல ஒல்லியானது, ஃபிபுலா, வெளிப்பக்கம் வரணும்னு தெரியும், மாத்தி மாட்டிட்டோம். ஏதாவது ஸ்கூல் லேப்ல ஸ்டிக்கர நம்பி மாட்டிருந்தா அந்த எலும்புக்கூடு ரெண்டு காலும் மாறி நின்னுட்டு இருக்கும், பசங்களும் அத பாத்து வரைஞ்சிருப்பாங்க. முழுசா மாட்டி முடிச்சதும் அம்மா வந்து மண்டைல திருநீறு பூசிட்டு போனாங்க. அந்த பிவிசி மேற்பரப்பு லேசா சொரசொரன்னு இருக்கறதால இன்னைக்கு வரைக்கும் அது முழுசா போகல.

இப்ப மேட்டருக்கு வர்றேன். ஒடம்புல இருக்கற மூட்டெல்லாம் கட்டுமானத்த வச்சு பாத்தா மூணு குடும்பம். நாரால கட்டினது, குருத்தெலும்பால ஒட்டினது, அப்புறம் நடுவுல ஒரு சின்ன அறையும் அதுல வழவழன்னு திரவமும் இருக்கற சைனோவியல் மூட்டு, பள்ளிக்கூட புக்குல உயவு மூட்டுன்னு படிச்சிருப்பீங்க. மொத குடும்பம் அனேகமா அசையாது, ரெண்டாவது கொஞ்சமா அசையும், மூணாவது தாராளமா அசையும். இந்த மாடல்ல வேடிக்கை என்னன்னா எந்த மூட்டு அசையக்கூடாதோ அத பிரமாதமா பண்ணிருக்கான், எந்த மூட்டு அசையணுமோ அங்க பெரும்பாலும் கோட்ட விட்டுட்டான்.

மண்டை சூப்பர், அத மொதல்ல சொல்லிடறேன். மண்டையோட்டு எலும்புங்க சேர்ற இடத்துல வளைஞ்சு வளைஞ்சு ஓடற கோடு, தையல் மூட்டு, அத வெறும் பெயிண்ட்ல வரையாம பள்ளமாவே வார்த்திருக்காங்க, விரல் நகத்த வச்சு தடவினா தட்டுப்படுது. முன்னால குறுக்க ஒண்ணு, உச்சில நேரா ஒண்ணு, பின்னால கூரை மாதிரி ஒண்ணு, காதுக்கு மேல பக்கத்துக்கு ஒண்ணு. முன் கோடும் உச்சிக் கோடும் சந்திக்கற இடத்த காட்டி "இங்கதான் பாட்டி உச்சிக்குழின்னு எண்ணெய் வச்சது"ன்னு சொன்னா எல்லாருக்கும் டக்குன்னு புரியுது. பொறந்த குழந்தைக்கு அங்க எலும்பு சேராம வெறும் சவ்வுதான் இருக்கும், பெரும்பாலும் ஒன்றரை வயசுக்குள்ள மூடிடும், பின்பக்கம் இருக்கற சின்ன குழி ரெண்டு மூணு மாசத்துலயே மூடிடும். பிரசவத்துல தலை கொஞ்சம் ஒடுங்கி வெளிய வரணும், பொறந்தப்புறம் மூளை வேகமா வளரணும், அதுக்குத்தான் அந்த இடத்த தைக்காம விட்டு வச்சிருக்கு ஒடம்பு. இதெல்லாம் மாடல்ல தெரியாது, இது பெரியவங்க மண்டை, ஆனா கதை சொல்ல போதுமானது.

பல்லும் ஒரு வகை மூட்டுதான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. பல்லு எலும்பு கணக்குல வராது, ஒடம்புல 206 எலும்புன்னு சொல்றதுல பல்ல சேக்கறது இல்ல, ஆனா தாடைக்குழில அது ஆணி அடிச்ச மாதிரி உக்காந்து, சுத்தி மெல்லிசா ஒரு நார்க்கட்டு பிடிச்சிருக்கறதால அதையும் நார் மூட்டு லிஸ்ட்ல போட்டிருக்காங்க. மாடல்ல கீழ் வரிசைல மூணு பல்ல கழட்டி மாட்டலாம்னு விளம்பரத்துல போட்டிருந்தான். ஒண்ணு வழியிலயே கழண்டு காணாம போயிருச்சு. கஸ்டமர் கேர்ல சொன்னேன், போட்டோ அனுப்ப சொன்னாங்க, இல்லாத பல்லுக்கு எப்படி போட்டோ எடுக்கறதுன்னு கேட்டேன், டிக்கெட் க்ளோஸ் பண்ணிட்டாங்க.

தாடைக்கு ஸ்பிரிங் போட்டிருக்காங்க, இழுத்து விட்டா டப்புன்னு மூடிக்கும், குழந்தைங்களுக்கு ஜாலி, ஆனா தாடை மூட்டு அப்படி வேலை செய்யாது. உங்க காதுக்கு முன்னாடி விரல வச்சுட்டு மெதுவா வாய தெறந்து பாருங்க, மொதல்ல கதவு கீல் மாதிரி சுத்தும், அப்புறம் இன்னும் பெருசா தெறக்கறப்ப அந்த குமிழ் முன்னால வழுக்கிட்டு வரும். சுத்தறதும் வழுக்கறதும் ஒரே மூட்டுல, நடுவுல ஒரு குட்டி தட்டு வேற. கொட்டாவி விட்டு வாய் மூட முடியாம ஓடி வர்றவங்களுக்கு அந்த குமிழ் ஒரு மேட்ட தாண்டி முன்னால போய் மாட்டிக்கிட்டிருக்கும். ஸ்பிரிங்க வச்சு இத விளக்க முடியல, என் வாயவே தெறந்து காட்டிட்டு இருக்கேன்.

கழுத்துல ஒரு நல்லது ஒரு கெட்டது. நல்லது, மொத ரெண்டு கழுத்தெலும்பையும் தனித்தனியா, ரெண்டாவதுல இருந்து மேல நீட்டிட்டு இருக்கற முளையோட அழகா காட்டிருக்கான். தலைய மேலயும் கீழயும் ஆட்டி "ஆமா"ங்கறது மண்டைக்கும் மொத எலும்புக்கும் நடுவுல நடக்குது, பக்கவாட்டுல திருப்பி "இல்ல"ங்கறது பெரும்பாலும் மொத எலும்புக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல, அந்த முளைய சுத்தி. கழுத்து திரும்பறதுல கிட்டத்தட்ட பாதி அந்த ஒரே இடத்துல தான். நம்ம ஆளுங்க ஆமாவும் இல்லாம இல்லையும் இல்லாம ஒரு ஆட்டு ஆட்டுவாங்களே, அதுக்கு எல்லா எலும்பும் கூட்டு. கெட்டது என்னன்னா, மண்டைய ஒரு கம்பில சும்மா சொருகி விட்டிருக்கறதால மாடல்ல தலை முழு வட்டம் சுத்துது. ஒரு நாள் ஃபேன் காத்துல மெதுவா திரும்பி என்ன பாத்துச்சு, அதுக்கப்புறம் சாயங்காலம் ஆறு மணி ஆனா பழைய போர்வை ஒண்ண போட்டு மூடிடறது.

முதுகெலும்பு ஓரளவு ஓகே. வளையுது, டிஸ்க்கெல்லாம் மெத்துனு ரப்பர் மாதிரி இருக்கு, எண்ணி பாத்தேன், 23 சரியா இருக்கு. ஆனா எல்லா டிஸ்க்கும் ஒரே தடிமன்! கழுத்துல மெல்லிசாவும் இடுப்புக்கு வர வர தடிமனாவும் இருக்கணும், எடை தாங்கறது இடுப்பு தானே. நாலாவது அஞ்சாவது இடுப்பெலும்புக்கு நடுவுல செவப்பு கலர்ல ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்ப தொடற மாதிரி வச்சிருக்காங்க, இது நெசமாவே உருப்படியான விஷயம். "டிஸ்க் விலகிருச்சு"ன்னு வர்றவங்க மனசுல, என்னமோ சீட்டுக்கட்டுல இருந்து ஒரு சீட்டு நழுவி வெளிய வந்துட்ட மாதிரி ஒரு படம் இருக்கும். அப்படி ஒண்ணும் நழுவாது, மேல எலும்போடயும் கீழ எலும்போடயும் அது இறுக்கி ஒட்டியிருக்கு. வெளிப்பக்கம் வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்கா நார் வளையம், உள்ள தண்ணி நெறைஞ்ச ஜெல்லி, வளையத்துல ஒரு பக்கம் தளர்ந்தா இல்ல கிழிஞ்சா ஜெல்லி அந்த பக்கம் பிதுங்கும், அவ்ளோதான். செவப்பு டிஸ்க்க தொட்டு பாக்க சொல்லி இத சொன்னா பாதி பயம் அங்கயே போயிடுது. அந்த ஜெல்லில இருந்து பகல் முழுக்க நம்ம எடைக்கு கொஞ்சம் கொஞ்சமா தண்ணி வெளிய போயி, ராத்திரி படுத்ததும் திரும்ப ஊறும், அதனாலதான் காலைல எந்திரிச்சதும் நாம சாயங்காலத்த விட ஒரு சென்டிமீட்டர் கிட்ட உயரமா இருப்போம். விண்வெளிக்கு போறவங்க எடையே இல்லாததால 3 சதவீதம் வரைக்கும் உயரம் கூடிடறாங்கன்னு நாசா சொல்லிருக்கு, பூமிக்கு வந்ததும் பழையபடி ஆயிடுவாங்க.

விலா எலும்ப பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, முன்பக்க குருத்தெலும்ப வேற கலர்ல காட்டிருக்காங்க, நல்லாருக்கு.

தோள்பட்டைக்கு வருவோம், இங்கதான் எனக்கு கோவம் வர ஆரம்பிச்சுது. கைய ஒரு ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் போட்டு தொங்க விட்டிருக்கான், பந்து குழில உக்காரவே இல்ல, ரெண்டு விரல் நொழையற அளவுக்கு கீழ தொங்குது. என்கிட்ட படிக்க வந்த ஒரு ஸ்டூடண்ட் "சார் இது டிஸ்லொகேஷன் ஆன ஆளா?"ன்னு கேட்டான், தப்பில்ல. தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டுன்னு படிப்போம், ஆனா கிண்ணம்னு சொல்றதே அதிகம், அது ஒரு தட்டு, ஊறுகா வைக்கற சின்ன தட்டு அளவு ஆழம் கூட இல்ல, பந்துல மூணுல ஒரு பங்குக்கும் கம்மியாத்தான் ஒரு நேரத்துல அதுல படும். கை எல்லா திசையிலயும் சுத்தணும்ங்கறதுக்காக ஒடம்பு செஞ்ச சமரசம் அது. அந்த பந்த புடிச்சு வைக்கறது எலும்பு இல்ல, சுத்தி இருக்கற நாலு தசையோட தசைநார், தட்ட சுத்தி ஒரு குருத்து விளிம்பு, அப்புறம் எல்லாத்தையும் மூடி இருக்கற கேப்சூல்ங்கற பை. இது எதுவுமே மாடல்ல கிடையாது. எந்த பொருளால தோள் நிக்குதோ அத விட்டுட்டு மீதிய வித்திருக்கான்.

ஃப்ரோசன் ஷோல்டர்னு வர்றவங்களுக்கு, அதுலயும் சுகர் இருக்கறவங்களுக்கு இது அதிகம் வரும், அவங்களுக்கு பிரச்சனையே அந்த பைதான், அது சுருங்கி தடிச்சு போயிடும். இல்லாத பைய எப்படி காட்டறது? கடைசில என் பழைய சாக்ஸ் ஒண்ண ரெண்டு பக்கமும் வெட்டி தோள்ல மாட்டி விட்டேன். லூசா இருந்தா கை தூக்கலாம், ஒரு ரப்பர் பேண்ட் போட்டு கீழ்ப்பக்கத்து மடிப்ப சுருக்குனா கை பாதி கூட மேல வராது. 7,900 ரூபா மாடல்ல நோயாளிக்கு நல்லா புரிஞ்ச ஒரே விஷயம் என் சாக்ஸ்தான்!

முழங்கை மடங்குது நீளுது, கீல் மூட்டு வேலை சரியா பண்ணுது, ஆனா முன்கைல ரெண்டு எலும்பையும் சேத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிட்டான் பாருங்க, இது மன்னிக்கவே முடியாத தப்பு. கோயில்ல தீர்த்தம் வாங்க உள்ளங்கைய மேல திருப்பறோம், வாங்கி குடிச்சுட்டு தலைல தடவ கவுக்கறோம், அந்த ஒரு அசைவுக்கு ஆரெலும்புங்கற ரேடியஸ் பக்கத்து எலும்பு மேல குறுக்க சாஞ்சு சுத்தணும். முழங்கைன்னு நாம ஒண்ணா சொல்றதுல ஒரே பைக்குள்ள மூணு மூட்டு இருக்கு, அதுல மூணாவதுதான் இந்த முளை மூட்டு. மாடல்ல கைய திருப்பணும்னா மணிக்கட்ட உடைக்கணும்.

கை விரல்ல எல்லாம் கம்பி. ஒவ்வொரு விரலும் கம்பில கோத்த பாசி மாதிரி இருக்கு, எந்த பக்கம் வேணா வளையும். விரலுக்கு நடுவுல இருக்கற கணுவெல்லாம் கீல், மடங்கும் நீளும், வேற எதுவும் செய்யாது. விரல் ஆரம்பிக்கற மொட்டிக் கணு மடங்கவும் செய்யும், பக்கத்துக்கு விரியவும் செய்யும். கட்டைவிரலோட அடி மூட்டு மட்டும் தனி ரகம், குதிரைச் சேணம் மேல இன்னொரு சேணத்த கவுத்து வச்ச மாதிரி, சேண மூட்டு. கோலம் போடறவங்க பொடிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல எடுத்து சீரா விடறாங்களே, அது இந்த ஒரு மூட்டு இல்லன்னா நடக்காது, வயசான பொம்பளைங்களுக்கு அதிகமா தேயற எடத்துல இதுவும் ஒண்ணு. இந்த மாடல்ல கட்டைவிரல் சும்மா பக்கத்துல ஒட்டிட்டு நிக்குது, சுண்டுவிரல தொட முடியல.

விரல்னு வந்ததால சொடக்கு பத்தி ஒரு வார்த்தை, எல்லாரும் கேக்கறாங்க. சொடக்கு எடுத்தா எலும்பு தேயாது. மூட்ட இழுக்கறப்ப உள்ள அழுத்தம் குறைஞ்சு திரவத்துல ஒரு வாயுக்குமிழி உண்டாகுது, 2015ல கனடாவோட அல்பெர்ட்டா யுனிவர்சிட்டில விரல எம்ஆர்ஐக்குள்ள வச்சு இழுத்து, சத்தம் வர்ற நேரத்துலயே அந்த வெற்றிடம் உண்டாகறத படமே எடுத்தாங்க. டொனால்ட் அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர், 60 வருஷத்துக்கு மேல இடது கைல மட்டும் தினம் சொடக்கு எடுத்து வலது கைய சும்மா விட்டு ஒப்பிட்டு பாத்தாரு, ரெண்டு கையிலயும் மூட்டுவாதம் வரல, அதுக்கு 2009ல இக் நோபல் குடுத்தாங்க, சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கு தர்ற பரிசு அது. ஒரே ஆளோட கைய வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாதுதான், ஆனா மனுஷனோட பொறுமைக்கே பரிசு குடுக்கலாம்.

இடுப்புக்கு முன்னால ரெண்டு எலும்பும் சேர்ற இடத்துல ரப்பர் பட்டை வச்சிருக்காங்க, குருத்தெலும்பு மூட்டுக்கு நல்ல உதாரணம், கர்ப்ப காலத்துல இது தளர்றத காட்ட உதவுது. தொடை இடுப்போட சேர்ற மூட்டு இந்த மாடல்லயே பெஸ்ட். குழி நல்ல ஆழம், பந்து உள்ள நல்லா உக்காருது, கொக்கிய கழட்டினா வெளிய எடுத்து பாக்கலாம். தோள் தட்டு, இது கிண்ணம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டினாலே ஏன் தோள் அடிக்கடி நழுவுது, இடுப்பு லேசுல நழுவாதுன்னு யாருக்கும் புரிஞ்சிடும். ஒடம்புலயே ரொம்ப பலமான லிகமெண்ட் இதுக்கு முன்னாடிதான் இருக்கு, ரேஷன் கடை க்யூல இடுப்ப முன்னால தள்ளி சும்மா நிக்கறோமே, அப்ப அந்த பட்டை மேல சாஞ்சுதான் நிக்கறோம். அது மாடல்ல இல்லன்னு தனியா சொல்லணுமா என்ன.

சரி, முட்டி. நான் வாங்கினதே இதுக்குத்தான், இதுலதான் முழுசா ஏமாந்தேன். மேல தொடை எலும்பு, கீழ கால் எலும்பு, நடுவுல ஒரு ஸ்க்ரூ, முன்னால முட்டிச்சில்ல ஒரு கம்பில குத்தி நிறுத்திருக்கான், நடுவுல வெறும் காத்து. ஒடம்புலயே பெரிய சைனோவியல் மூட்டு இது, இதுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா ரெண்டு லிகமெண்ட், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு, நடுவுல பிறை மாதிரி ரெண்டு மெனிஸ்கஸ், எலும்பு முனைல கண்ணாடி மாதிரி குருத்தெலும்பு, சுத்தி பை, பையோட உள்பக்கம் திரவம் சொரக்கற சவ்வு. ஒண்ணு கூட இல்ல.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. எக்ஸ்ரேல பாத்தாலும் முட்டில ரெண்டு எலும்புக்கு நடுவுல கருப்பா ஒரு இடைவெளி தெரியும். பாக்கறவங்க அது காலி இடம்னு நெனச்சுக்கறாங்க. அது காலி இல்ல, அங்கதான் குருத்தெலும்பும் மெனிஸ்கஸும் இருக்கு, எக்ஸ்ரேல அது விழாது, அவ்ளோதான். "கேப் கொறஞ்சிருச்சு"ன்னு டாக்டர் சொல்றது அந்த குருத்து மெலிஞ்சு போச்சுங்கறத. நான் இந்த மாடல காட்டினா அந்த தப்பான நெனப்பு இன்னும் உறுதியாகுது, "ஆமா தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லயே"ன்னு ஒரு அம்மா பரிதாபமா பாத்தாங்க. விளக்கறதுக்கு வாங்கின பொருள் பொய் சொல்லுதுன்னா அத என்ன பண்றது?

அந்த கிரீஸ் கதையும் இதே மாதிரிதான். நல்லா இருக்கற முட்டிலயே அந்த திரவம் 4 மில்லிக்குள்ளதான், ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல. முட்டைல வெள்ளைக்கரு இருக்குமே, அந்த மாதிரி வழுவழுப்பு. அது வண்டிக்கு ஊத்தின ஆயில் மாதிரி ஒரு தடவை ஊத்தி தீர்ந்து போறது இல்ல, சவ்வு சொரந்துட்டே இருக்கும். தேய்மானத்துல பல பேருக்கு கூடத்தான் சொரந்து முட்டி வீங்கி நிக்கும், "கிரீஸ் காஞ்சிருச்சு"ன்னு சொல்ற அதே முட்டில. குருத்தெலும்புக்குன்னு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. சாப்பாடு அந்த திரவத்துல இருந்துதான், காலு வைக்கறப்ப ஸ்பாஞ்ச அமுக்கின மாதிரி வெளிய போயி, எடுக்கறப்ப உறிஞ்சி உள்ள வரும். நடந்தா தேஞ்சிடும்னு நடக்காம உக்காந்துட்டா அதுக்கு சாப்பாடு போறது கொறஞ்சு போகும். இத ஒரு ஈர ஸ்பாஞ்ச வச்சுத்தான் விளக்கறேன், பாத்திரம் வெளக்கற கடைல பத்து ரூபா.

அதனால மூணு மாசம் கழிச்சு தனியா ஒரு முட்டி மாடல் வாங்கினேன், 1,650 ரூபாய், அது வேற செல்லர். இத தாராளமா சிபாரிசு பண்ணுவேன். லிகமெண்டெல்லாம் ரப்பர்ல, மெனிஸ்கஸ் தனியா தெரியுது, முட்டிய மடக்கி நீட்டலாம், மடக்கறப்ப ஏசிஎல், அதாவது அந்த ரெண்டு குறுக்கு லிகமெண்ட்ல முன்பக்கத்துது, எப்படி இழுபடுதுன்னு பாக்கலாம், கால முன்னால இழுத்து பாக்கற டெஸ்ட்ட கூட ஓரளவு செஞ்சு காட்டலாம். கடைசி கொஞ்சம் நீட்டறப்ப முட்டி லேசா திருகி பூட்டிக்கும், அதனாலதான் நாம ரொம்ப நேரம் நின்னாலும் தொடை தசை சோராது, அந்த திருகல் மட்டும் இதுல வராது, போகட்டும். ஒரே குறை, நம்மூர் வெயிலுக்கு ரப்பர் காஞ்சு வெடிக்குது. ஒரு வருஷம் கூட தாங்கல, ஒரு கபடி பையன் அவனுக்கு கிழிஞ்ச அதே ஏசிஎல்ல மாடல்லயும் இழுத்து பாக்கறேன்னு அத்து விட்டுட்டான். சைக்கிள் டியூப் ஒரு துண்டு வெட்டி, அதே துளைல விட்டு முடிச்சு போட்டேன். ஆபரேஷன்லயும் அவனுக்கு தொடைப் பின்பக்க தசைநார எடுத்து எலும்புல துளை போட்டு அப்படித்தான் இழுத்து கட்டினாங்கன்னு சொன்னதும் அவன் முகத்த பாக்கணுமே. இப்ப அந்த மாடல் பழசை விட நல்லா வேலை செய்யுது.

பாதம் பத்தி ரெண்டு வரி போதும். ஒரு பாதத்துல 26 எலும்பு 33 மூட்டு, இங்க மொத்தமா ஒரே அச்சுல வார்த்து கோடு மட்டும் போட்டிருக்கான். கணுக்கால் மட்டும் லேசா ஆடுது. சுளுக்குன்னு புத்தூர் கட்டு போட்டுட்டு வர்றவங்களுக்கு வெளிப்பக்கம் எந்த லிகமெண்ட் கிழிஞ்சிருக்குன்னு காட்ட என் சொந்த காலத்தான் நீட்டறேன்.

ஸ்டாண்டுல அஞ்சு சக்கரம், ஒண்ணு மொத வாரத்துலயே போயிருச்சு, தீப்பெட்டி வச்சு முட்டு குடுத்திருக்கேன். பிவிசி வாடை ஒரு மாசம் இருந்துச்சு.

எங்க காலேஜ் டைம்ல இதெல்லாம் கிடையாது, சீனியர்கிட்ட இருந்து எலும்பு செட் வாங்குவோம், பாதி செட், ஒரு சூட்கேஸ்ல, நெஜ எலும்பு. அது நமக்கு முன்னாடி எத்தனை பேட்ச் கைமாறி வந்துச்சோ யாருக்கும் தெரியாது. ஒரு காலத்துல உலகத்துக்கே எலும்புக்கூடு நம்ம நாட்டுல இருந்துதான் போச்சு, கல்கத்தாதான் அதுக்கு பெரிய சந்தை, 1985ல கவர்மெண்ட் ஏற்றுமதிய தடை பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் இந்த பிளாஸ்டிக் எல்லா எடத்துக்கும் வந்துச்சு, வந்தது நல்லதுதான், யாரோட எலும்புன்னு தெரியாம கைல வச்சிருக்கறது எனக்கு எப்பவும் உறுத்தும். ஆனா ஒண்ணு சொல்லணும், நெஜ எலும்புல மூட்டு வர்ற முனைய தடவினா மத்த எடத்த விட வழவழன்னு தனியா தெரியும், குருத்து இருந்த எடம்னு கண்ண மூடிட்டே சொல்லலாம். இந்த பிவிசில எல்லா எடமும் ஒரே சொரசொரப்பு.

யாரு வாங்கலாம்? ஸ்கூலுக்குன்னா வாங்குங்க, எலும்பு பேர் கத்துக்க, எண்ணி பாக்க, ஆண்டு விழா கண்காட்சிக்கு எல்லாம் தாராளம், ஸ்டிக்கர மட்டும் செக் பண்ணிக்கங்க. நீட் படிக்கற பசங்களுக்கு வேண்டாம், 85 செ.மீ. குட்டி மாடல் அத விட வேண்டாம், அதுல கை விரல் எல்லாம் குச்சி மாதிரி இருக்கும், உங்க சொந்த கைய மடக்கி திருப்பி பாத்தாலே ஆறு வகை சைனோவியல் மூட்டும் பாதி வந்துடும். என்ன மாதிரி கிளினிக் வச்சிருக்கறவங்க முழு எலும்புக்கூட்டுக்கு போகாம அதே காசுல முட்டி ஒண்ணு, தோள் ஒண்ணு, இடுப்பு முதுகு ஒண்ணுன்னு லிகமெண்ட் வச்ச தனி மாடலா வாங்கிடுங்க. எனக்கு இத குடுத்தா அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார், அதுல ஒண்ணு மண்டைக்கு, ஒண்ணு இடுப்பு மூட்டுக்கு, அரை அந்த செவப்பு டிஸ்க்குக்கு.

போன வாரம் பெட்டிய ஒழிச்சப்ப வாரண்டி கார்டு கிடைச்சுது, ஒரு வருஷம்னு பெருசா போட்டிருக்கு. கீழ பொடி எழுத்துல, அசையற பாகங்களுக்கு வாரண்டி கிடையாதாம்.